இடது ஓரம்

பதினெட்டுக் குளிர்காலமாக
இந்த ஓடுபாதையில் பனி தள்ளுகிறேன்.
காலை நாலரைக்கு
டீசல் வாடையோடு வண்டியில் ஏறினால்
வெளிச்சம் வருவதற்குள் ஆறு சுற்று.
அப்புறம் விமானம் இறங்கும், ஏறும்.
நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

ஒருமுறைகூட அதில் ஏறியதில்லை.

இசாஃப்யோர்துரில் இது எல்லோருக்கும் தெரியும்.
மீன்கடை ஸ்னைபியோர்ன் கேட்பான்:
"ஹல்பேரா, ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டுவிட்டு
நீ மட்டும் சாப்பிடாமல் எழுந்துபோகிறாயே?"
சிரித்து வைப்பேன்.

மூன்று பக்கமும் மலை எங்களுக்கு.
கடல் நீட்டிய விரல்போன்ற நீருக்குள் புகுந்து,
மலைச்சுவரை ஒட்டி ஒரே வளைவாக வளைந்துதான்
தரைக்கு வர வேண்டும்.
கீழிருந்து பார்ப்பவளுக்கு
இறக்கை நுனி பாறையில் கோடு கிழிப்பதுபோலவே இருக்கும்.
தினமும்.
கிழிக்காத கோட்டை
நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரெய்க்யவிக்கில் வகுப்பு நடத்துகிறார்கள்,
பறக்கப் பயந்தவர்களுக்கு.
சனி, ஞாயிறு. காபி இலவசம்.
காரில் போய்விடலாம் என்றுதான் பணம் கட்டினேன்.
வெள்ளி இரவு பனிச்சரிவு.
சாலையை அடைத்துவிட்டார்கள்.
நீச்சல் பழக வேண்டுமா,
ஆற்றை நீந்திக் கடந்து வா என்பதுபோல.

அன்று காலை ஏழு சுற்று தள்ளினேன்.
எட்டாவதும் போயிருப்பேன்,
கட்டுப்பாட்டு அறையிலிருந்து
"போதும்" என்றார்கள்.
கழிப்பறையில் பச்சையாக வாந்தி.
முகம் கழுவி வந்தால்
ஓட்டப்போவது தோர்லாகுர் என்று தெரிந்தது.
பள்ளி நாளில்
என் வேலியில் சைக்கிளை மோதியவன்.
இது ஏன் இப்போது ஞாபகம் வர வேண்டும்?

"ஐஸ் கட்டி ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொள் அம்மா,
மனசு அங்கே போய்விடும்" என்றிருந்தாள்
மகள் ஊன்னுர், போனில்.
ஓடுபாதை ஓரத்தில் நானே ஒதுக்கிய குவியலிலிருந்து
ஒன்றை எடுத்துக்கொண்டு ஏறினேன்.
உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு என்பார்கள்.
என் கையில் அதற்கு இடமில்லை.

விசிறிகள் சுழன்றன.
இருக்கை நடுங்கியதா நானா,
பிரித்துச் சொல்ல முடியவில்லை.
பக்கத்து இருக்கைக்காரர்
மடியில் கேக் பெட்டியோடு
வாய் திறந்து தூங்கினார்.
என் பனி உருகி அவர் ஷூவில் சொட்டியது.
சொட்டட்டும் என்று விட்டேன்.

ஏறும்போதும் அதே வளைவுதான்.
எந்த நொடியில் வரும் என்று தெரியும்,
அதுதான் கொடுமை.
கண்ணை மூடி எண்ணினேன்;
ஒன்பதுக்கு மேல் எண்கள் மறந்துபோயின.
திறந்துவிட்டேன்.

பாறை இருந்தது.
அதற்கும் இறக்கைக்கும் நடுவே
என் வண்டியைப்போல நூறு வண்டி
வரிசையாகப் போகும் அளவுக்குக் காற்று.
இவ்வளவு இடமா?
பதினெட்டு வருஷம் யாரும் சொல்லவில்லையே.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான்.
போகவில்லை.
வயிற்றிலிருந்து முழங்காலுக்கு இறங்கி
அங்கே உட்கார்ந்துகொண்டது.
மேகத்துக்குள் ஒரு குலுக்கல்;
கேக் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தேன்.
அவர் விழிக்கவில்லை.

நாற்பது நிமிஷம்.
என் திருமணம்கூட இவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

இறங்கும்போது கீழே ரெய்க்யவிக்கின் ஓடுபாதை.
இடது ஓரத்தில்
நீளத்துக்கும் ஒரு பனி வரப்பு!
கத்தியைச் சாய்க்காமல் ஓட்டியிருக்கிறான் மடையன்.
இன்னும் ஒரு சுற்று போயிருந்தால் என்ன,
விடிந்தா போய்விடும்?
திட்டி முடிப்பதற்குள்
சக்கரம் தரையில் இருந்தது.

"விமானத்தில் எதற்குப் பயம்?"
வகுப்பில் முதல் கேள்வி, வட்டமாக ஒவ்வொருவரிடமும்.
ஒருவர் கதவு என்றார். ஒருத்தி சத்தம் என்றாள்.
என் முறை வந்தபோது
"இடது ஓரம்" என்றேன்.
யாருக்கும் புரியவில்லை.

காபி சுமார்தான்.